பவர் ஸ்டியரிங்: பழுதுக்குப் பின் எண்ணெய் நிரப்புதலும் காற்று எடுத்தலும்

நெசவாளர் சங்கங்களிலும் விவசாயிகள் சங்கங்களிலும் சொந்தமாக மோட்டார் வண்டி வைத்திருப்பவை பல உண்டு. நூல் சிப்பங்களை ஏற்றி வரவும், தறியிலிருந்து இறங்கிய துணியை விற்பனை நிலையத்தில் சேர்க்கவும், உரமூட்டையும் விதையும் கொண்டு வரவும் அவ்வண்டி பயன்படுகிறது. அது ஓடினால் பயனை அங்கத்தினர் எல்லோரும் அடைகின்றனர்; பட்டறையில் நின்றால் செலவையும் எல்லோருமே ஏற்கின்றனர். ஆகவே வண்டியின் பழுதுபார்ப்பைப் பற்றிச் சிறிதளவேனும் அறிந்திருப்பது டிரைவருக்கு மட்டுமன்றிக் காரியதரிசிக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் அவசியமாகும். இக்கட்டுரையில் பவர் ஸ்டியரிங் என்னும் ஓர் அமைப்பை மட்டும் எடுத்துக்கொள்வோம். அதிலும், பழுது நீக்கிய பிறகு எண்ணெய் நிரப்பி, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றும் வேலையைப் பற்றியே கூறுவோம்.

இதனை எழுதத் தூண்டியது ஒரு சங்கத்தின் வவுச்சர் கட்டு. ஒரே காலாண்டில் ஒரே வண்டிக்கு இரண்டு பவர் ஸ்டியரிங் பம்புகள் வாங்கியதாக அதில் கண்டிருந்தது. விசாரித்ததில் தெரிந்தது இது: முதலில் ஒரு ஹோஸ் குழாய் வெடித்தது, அதை மாற்றினர். மாற்றிய அன்றே ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் வண்டி உறுமத் தொடங்கியது. பம்பு கெட்டுவிட்டது என்று கூறிப் புதிய பம்பு மாட்டினர். அதுவும் பத்து நாளில் உறுமியது. மற்றொரு பம்பு வாங்கினர். மூன்றாம் முறையும் உறுமல் எழுந்தபோதுதான், பக்கத்து ஊரில் டிராக்டர் வேலை பார்க்கும் வயதான மெக்கானிக் ஒருவர் எண்ணெய்த் தொட்டியின் மூடியைத் திறந்து பார்த்து, "பம்பிலே ஒன்றுமில்லை, ஏர் பிடித்திருக்கிறது" என்றாராம். தொட்டியிலிருந்து பம்புக்கு வரும் குழாயின் கிளாம்பு தளர்ந்திருந்தது. அக்கிளாம்பின் விலை ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவுக்குள் அடங்கும். இரண்டு பம்புகளின் விலையோ, பங்கு ஈவாக அங்கத்தினர் கைக்குப் போயிருக்க வேண்டிய பணம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். இப்பொழுது வரும் சிறிய கார்களில் பெரும்பாலானவற்றில் பவர் ஸ்டியரிங் மின்சார மோட்டாரால் இயங்குகிறது. அதில் எண்ணெயும் இல்லை, குழாயும் இல்லை, காற்று எடுக்கும் வேலையும் இல்லை. எஞ்சினோடு பெல்ட்டால் சுழலும் பம்பும், அதற்கென ஒரு சிறு எண்ணெய்த் தொட்டியும் உள்ள வண்டிகளுக்கே இங்குக் கூறுவன பொருந்தும். பழைய கார்கள், ஜீப் வகை வண்டிகள், சரக்கு வேன்கள் பலவற்றில் இவ்வமைப்பே இருக்கிறது.

இதன் வரலாறும் சுவையானது. அமெரிக்காவில் பியர்ஸ்-ஆரோ கம்பெனியின் லாரிப் பிரிவில் எஞ்சினீயராக இருந்த பிரான்சிஸ் டேவிஸ் என்பவர், கனத்த வண்டிகளைத் திருப்ப டிரைவர்கள் படும் பாட்டைக் கண்டு, எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஸ்டியரிங்கை அமைத்து 1926-ல் காரில் ஓட்டிக் காட்டினார். ஆயினும் செலவு மிகுதி என்று கார்க் கம்பெனிகள் தயங்கின. பொதுமக்கள் வாங்கும் காரில் அது இடம் பெற்றது 1951-ல், கிரைஸ்லர் கம்பெனியின் இம்பீரியல் காரில்தான்.

அமைப்பு எளியதே. தொட்டியிலிருந்து ஒரு பெரிய குழாய் வழியாக எண்ணெய் பம்புக்கு இறங்குகிறது. பம்பு அதனை அழுத்தி, வலுவான ஹோஸ் வழியாக ஸ்டியரிங் பெட்டிக்கு அனுப்புகிறது. முன் சக்கரங்களை இழுத்தும் தள்ளியும் திருப்புகிற பல் தண்டை ராக் என்பர். அத்தண்டின்மேல் ஒரு பிஸ்டனும், அதைச் சுற்றி ஒரு சிலிண்டரும் உள்ளன. நாம் ஸ்டியரிங்கை வலப்புறம் திருப்பினால் ஒரு வால்வு திறந்து பிஸ்டனின் ஒரு பக்கத்துக்கு எண்ணெயை விடுகிறது. இடப்புறம் திருப்பினால் மறுபக்கத்துக்கு விடுகிறது. வேலை முடிந்த எண்ணெய் வேறொரு குழாய் வழியாகத் தொட்டிக்குத் திரும்புகிறது. மொத்தத்தில் சுற்றி வரும் எண்ணெய் பல கார்களில் சுமார் 1 லிட்டரே. ஆனால் அதன் அழுத்தம் சாதாரணமானதன்று. லாரி டயரில் சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு அளவில் காற்று அடைக்கிறோம். இங்கே, ஸ்டியரிங்கைக் கோடிவரை ஒடித்த நிலையில், 1,000 பவுண்டுக்கும் மேற்பட்ட அழுத்தம் எழுகிறது.

இத்தகைய அழுத்தத்தில் எண்ணெயோடு காற்று கலந்தால் என்ன ஆகும் என்பதை, பம்புசெட்டு வைத்திருக்கும் அங்கத்தினருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. கிணற்றில் தண்ணீர் நிறைய இருக்கும், மோட்டாரும் சுழலும், ஆனால் உறிஞ்சு குழாயின் இணைப்பில் மயிரிழை அளவு ஓட்டை இருந்தால் போதும், தண்ணீர் ஏறாது. விவசாயி ஈரக் களிமண்ணை அப்பி அந்த ஓட்டையை அடைக்கிறார். குழாயில் தண்ணீர் நிரப்பிக் காற்றை ஓட்டுகிறார். பிறகுதான் மோட்டாரைப் போடுகிறார். டீசல் எஞ்சினில் எண்ணெய் தீர்ந்து நின்றுவிட்டால், வெறுமனே டீசலை ஊற்றிச் சுழற்றினால் எஞ்சின் கிளம்பாது என்பதும், திருகைத் தளர்த்திக் குமிழிகள் போகும்வரை கைப்பம்பை அடிக்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். பவர் ஸ்டியரிங்கில் காற்று எடுப்பதும் இவற்றுக்கு உடன்பிறந்த வேலையே.

எண்ணெயை எவ்வளவு அழுத்தினாலும் அதன் கனம் குறைவதில்லை என்றே கொள்ளலாம். ஆகையால் பம்பு தள்ளிய தள்ளல் அப்படியே பிஸ்டனைச் சென்று சேருகிறது. காற்றோ சுருங்கும் இயல்புடையது. காற்று மண்டலத்தைப் போல் ஐம்பது மடங்கு அழுத்தத்தில் ஒரு குமிழி தன் கனத்தில் சுமார் ஐம்பதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். பம்பின் தள்ளல் குமிழியைச் சுருக்குவதிலேயே முதலில் செலவாகிறது. பிறகு அக்குமிழி வில்லைப் போல் விரிகிறது. டிரைவர் கைக்கு ஸ்டியரிங் ஒரு கணம் இறுகியும் மறு கணம் வழுக்கியும் போவது இதனாலேயே. குறுகிய தெருவில் எதிரே வரும் மாட்டு வண்டிக்கு ஒதுங்கும்போது இவ்விதம் நேர்ந்தால் விளைவைச் சொல்ல வேண்டாம். பம்புக்கும் இதனால் கேடுண்டு. பம்பினுள் உரசிச் சுழலும் தகடுகளுக்கு அவ்வெண்ணெயே மசகு. மசகு இருக்க வேண்டிய இடத்தில் நுரை இருந்தால் இரும்போடு இரும்பு உராய்கிறது. சில நாள் அப்படியே ஓட்டினால், முதலில் பொய்யாகச் சொல்லப்பட்ட "பம்பு கெட்டுவிட்டது" என்ற வார்த்தை மெய்யாகிவிடும்.

இனி வேலைக்கு வருவோம். எண்ணெய் ஊற்றுமுன் கவனிக்க வேண்டியவை சில.

எந்த எண்ணெய் என்பதை வண்டியின் கைப்புத்தகத்திலோ தொட்டியின் மூடியிலோ பார்த்தே முடிவு செய்ய வேண்டும். பல வண்டிகள் டெக்ஸ்ரான் என்னும் பெயரில் வரும் சிவப்பு எண்ணெயை ஏற்கும். வேறு சில வண்டிகளுக்குப் பச்சை நிறமான செயற்கை எண்ணெயே உரியது. இரண்டையும் கலக்கலாகாது. நிறம் ஒன்றாயிருந்தால் தரமும் ஒன்று என்று எண்ணுவதும் தவறு. பிரேக் எண்ணெயை இத்தொட்டியில் ஊற்றிவிட்டால் ரப்பர் ஸீல்கள் ஊதிக் கெட்டு, முழு அமைப்பையும் பிரிக்க நேரும். இரண்டு தொட்டிகளும் எஞ்சின் மூடியின் கீழ் அருகருகே இருப்பதால் இந்தத் தவறு நடப்பதுண்டு.

பழைய எண்ணெய் கறுத்திருந்தாலோ, பழைய பம்பு தேய்ந்து இரும்புத் துகள் கலந்திருந்தாலோ, அதை முழுதும் கழித்தல் வேண்டும். திரும்பு குழாயைத் தொட்டியிலிருந்து கழற்றி ஒரு புட்டியில் விட்டு, தொட்டியின் வாயை அடைத்துவிட்டு, புதிய எண்ணெயை ஊற்றிக்கொண்டே ஸ்டியரிங்கை மெல்லத் திருப்பினால் பழையது வெளியேறும். புட்டியில் தெளிந்த எண்ணெய் விழும்வரை இதனைச் செய்யலாம். சில வண்டிகளில் தொட்டியின் உள்ளே நுண்ணிய சல்லடை இருக்கும். அது அடைத்துக்கொண்டால் பம்புக்கு எண்ணெய் போதாமல் காற்றுப் பிடித்தது போன்ற அதே உறுமல் கேட்கும். எனவே தொட்டியையும் கழுவிப் பார்த்துவிடுவது நலம். இணைப்புகளில் உள்ள செம்பு வாஷர், ரப்பர் வளையம் முதலியவற்றைப் பழையதாகவே மாட்டுவது சிக்கனமாகாது.

பிறகு வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்துக் கைப்பிரேக்கைப் போட்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்க வேண்டும். முன்புறத்தை ஜாக்கியால் தூக்கி, இரு சக்கரங்களும் தரையை விட்டு எழும்படி இரும்புத் தாங்கிகளின்மேல் இறக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் எவரும் தலை கொடுக்கலாகாது. சக்கரத்தை ஏன் தூக்க வேண்டும் என்று கேட்கலாம். சக்கரம் தரையில் அழுந்தியிருந்தால் அதைத் திருப்பப் பெரும் பலம் வேண்டும். அழுத்தம் கூடிய எண்ணெயில் காற்று நுண்ணிய குமிழிகளாக நசுங்கிக் கலந்துவிடும். அந்தரத்தில் நிற்கும் சக்கரம் ஒரு விரலுக்கும் திரும்பும்.

தொட்டியில் எண்ணெயைக் 'குளிர்' நிலைக்குரிய மேல் கோடுவரை ஊற்றி, இரண்டொரு நிமிடம் சும்மா விட வேண்டும். பிறகு சாவியை ஸ்டியரிங் பூட்டு விடுபடும் அளவுக்கு மட்டும் திருப்புக. எஞ்சினைக் கிளப்பக் கூடாது. இங்கேதான் பட்டறைகளில் அவசரம் நிகழ்கிறது. எண்ணெய் ஊற்றியதும் எஞ்சினைப் போட்டுவிட்டால், நிமிஷத்துக்கு எழுநூறு எண்ணூறு முறை சுழலும் பம்பு, எண்ணெயையும் காற்றையும் மத்திட்டுக் கடைந்த மோர் போல் ஆக்கிவிடும். பெரிய குமிழி தானே மேலே வரும். கடைந்த நுரையோ மணிக்கணக்கில் அடங்காது.

ஆகவே எஞ்சின் நின்ற நிலையிலேயே ஒருவர் ஸ்டியரிங்கை வலக் கோடியிலிருந்து இடக் கோடிவரை மெதுவாகத் திருப்ப வேண்டும். கோடியை மெல்லத் தொட்டதும் திரும்பிவிட வேண்டும், மோதக் கூடாது. மற்றொருவர் தொட்டியருகில் நிற்க வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் பிஸ்டன் ஒரு பக்கத்து எண்ணெயையும் காற்றையும் தொட்டிக்குத் தள்ளும். குமிழிகள் எழுவதைக் கண்ணால் காணலாம். மட்டம் இறங்க இறங்க ஊற்றிக்கொண்டே வர வேண்டும். தொட்டி ஒரு முறை வறண்டுவிட்டால் பம்பு மறுபடியும் காற்றை விழுங்கும். செய்தது அத்தனையும் வீண், முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். இவ்விதம் இருபது முறைக்குக் குறையாமல் திருப்புக. எண்ணெய் குளிர்விக்கும் நீண்ட வளைகுழாய் உள்ள வண்டிகளில் நாற்பது முறை வேண்டியிருக்கும். இருபது என்றவுடன் சலிப்புத் தட்டும். பாவு ஓடும்போது அறுந்த இழையை ஒவ்வொன்றாகப் பிணைக்கும் நெசவாளருக்கு இது பெரிய பொறுமையன்று.

குமிழிகள் நின்று மட்டமும் இறங்காதிருந்தால் எஞ்சினைக் கிளப்பலாம். வேட்டி, துண்டு, தொங்கும் சட்டைக் கை இவற்றை ஒதுக்கிக்கொண்டே பெல்ட்டின் அருகில் நிற்க வேண்டும். எஞ்சின் மெதுவோட்டத்தில் இருக்க, மட்டத்தைப் பார்த்து, ஸ்டியரிங்கைச் சிலமுறை இரு கோடிக்கும் நிதானமாகத் திருப்புக. கோடியில் ஒடித்துப் பிடித்தபடி ஐந்து விநாடிக்குமேல் இருத்தலாகாது. அங்கேதான் அழுத்தம் உச்சத்துக்கு ஏறி எண்ணெய் கொதிப்பேறும். உறுமல் கேட்டாலோ, சிவப்பு எண்ணெய் வெளுத்து ரோஜா நிறமாக நுரைத்தாலோ, உடனே எஞ்சினை நிறுத்தி ஒரு மணி நேரமாவது ஆறவிட வேண்டும். இரவு முழுதும் விட்டால் இன்னும் நல்லது. ஆறியபின் எஞ்சின் நின்ற நிலையில் திருப்பும் வேலையை மறுபடி செய்க.

பெரிய பட்டறைகளில் தொட்டியின் வாயில் ஒரு வெற்றிடப் பம்பைப் பொருத்தி, 20 அங்குலப் பாதரச அளவுக்குக் காற்றை உறிஞ்சி, ஐந்து நிமிடம் வைத்திருப்பார்கள். ஒளிந்த குமிழிகள் பெருத்து மேலே வந்துவிடும். அவ்வசதி இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குறையில்லை.

காற்று முழுதும் போயிற்றா என்பதை அறிய ஓர் எளிய சோதனை உண்டு. காரியதரிசி இதனை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இதற்கு யந்திர அறிவு தேவையில்லை, கண் இருந்தால் போதும். எஞ்சின் ஓடும்போது தொட்டியில் எண்ணெய் மட்டத்தைக் குறித்துக்கொள்க. எஞ்சினை நிறுத்தச் சொல்லுக. நிறுத்தியவுடன் மட்டம் 5 மில்லிமீட்டருக்குமேல் உயர்ந்தால் உள்ளே இன்னும் காற்று இருக்கிறது. அழுத்தத்தில் ஒடுங்கியிருந்த குமிழிகள் அழுத்தம் நீங்கியதும் விரிந்து எண்ணெயை மேலே தள்ளுவதே இதற்குக் காரணம். மிகுதியாகக் காற்றுள்ள வண்டியில் நிறுத்தியதும் தொட்டி வழிவதையும் காணலாம். மட்டம் அசையாதிருந்தால் வேலை ஒழுங்காக முடிந்தது.

சோதனையில் தேறாத வண்டி திரும்பத் திரும்பக் காற்றுப் பிடிக்குமாயின், பம்பைக் குறை கூறுமுன் தொட்டிக்கும் பம்புக்கும் இடையிலுள்ள குழாயைப் பார்க்க வேண்டும். அழுத்தம் உள்ள பக்கத்தில் ஓட்டை இருந்தால் எண்ணெய் வெளியே வரும். தரையில் கறை விழுந்து காட்டிக்கொடுக்கும். உறிஞ்சும் பக்கத்தில் ஓட்டை இருந்தால் எண்ணெய் வெளியே வராமலே காற்று உள்ளே போகலாம். ஒரு துளி கசிவும் இல்லாத வண்டி என்று டிரைவர் பெருமையாகச் சொல்வார். அதே வண்டி உறுமிக்கொண்டிருக்கும். கிளாம்பு தளர்ந்திருக்கலாம், ரப்பர் குழாய் காய்ந்து வெடித்திருக்கலாம், ரப்பர் வளையம் நழுவியிருக்கலாம். சந்தேகப்படும் இணைப்பில் சிறிது ஸ்டியரிங் எண்ணெயைத் தடவினால் உறுமல் ஒரு கணம் மாறும். பம்புசெட்டுக் குழாயில் களிமண் அப்பிப் பார்க்கும் யுக்தி இதற்கும் பொருந்துகிறது. உறுமலுக்குப் பதிலாகக் 'கிரீச்' என்ற ஒலி, அதுவும் கோடியில் ஒடிக்கும்போது மட்டும் கேட்டால், அது பெரும்பாலும் பெல்ட்டின் தளர்ச்சியே, காற்றோடு சம்பந்தமில்லை.

கசிவைத் தேடும்போது ஓடும் எஞ்சினில் கையை வைத்துத் தடவுதல் அறவே கூடாது. ஊசிமுனைத் துளையிலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும். வெளியே தெரியும் காயம் எறும்புக்கடி போலிருக்கும். உள்ளே சதை அழுகிக் கையையே இழக்க நேரலாம். ஓர் அட்டையைப் பிடித்துப் பார்த்தாலே கசிவு தெரிந்துவிடும். தப்பித் தவறித் துளைத்துவிட்டால், வலியில்லை என்று இருந்துவிடாமல் அன்றே, அப்பொழுதே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்.

டிராக்டர் உள்ள சங்கங்களுக்கு ஒரு வார்த்தை. காரில் எண்ணெய் உதவி நின்றுவிட்டாலும் ஸ்டியரிங் கனமாகவேனும் திரும்பும். சக்கரத்தோடு அதற்கு இரும்புத் தொடர்பு உண்டு. பவர் ஸ்டியரிங் பொருத்திய பல டிராக்டர்களில் அத்தொடர்பே கிடையாது. முன் சக்கரத்தைத் திருப்புவது எண்ணெய் ஒன்றே. எனவே அங்கே காற்று எடுக்காமல் வயலுக்கோ சாலைக்கோ வண்டியை விடுவது இன்னும் அபாயகரமானது. முறையும் மாடலுக்கு மாடல் வேறுபடுவதால் அந்தந்தக் கைப்புத்தகப்படியே நடந்துகொள்ள வேண்டும்.

வேலை முடிந்து வண்டி தரையில் இறங்கிய பின், பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டி, எண்ணெய் சூடான நிலையில் 'சூடு' என்னும் கோட்டோடு மட்டம் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்த இரண்டு நாட்களும் காலையில் வண்டியை எடுக்குமுன் டிரைவர் மட்டத்தைப் பார்த்து வண்டிக் குறிப்பேட்டில் எழுதட்டும். ஊற்றிய எண்ணெயின் பெயரும் அளவும், காற்று எடுத்த தேதியும் அதே பக்கத்தில் இருக்க வேண்டும். பட்டறைக்காரர் பில்லைத் தரும்போது, டிரைவர் முன்னிலையில் எஞ்சினை ஓட்டி நிறுத்தி மேற்கூறிய மட்டச் சோதனையைச் செய்து, அது சரி என்ற டிரைவரின் கையொப்பத்தைப் பெற்ற பிறகே காரியதரிசி பணம் பட்டுவாடா செய்வது முறை. கழற்றிய பழைய உறுப்பையும் கேட்டு வாங்கிப் பழைய சாமான் பதிவேட்டில் வரவு வைக்க வேண்டும். முன்னர்க் கூறிய சங்கத்தில் கழற்றிய பம்புகள் இரண்டும் பட்டறையிலேயே தங்கிவிட்டன. அவை உண்மையில் கெட்டவையா, நல்லவையா என்று சோதித்துப் பார்க்க நிர்வாகக் குழுவுக்கு வழியில்லாமற் போயிற்று.